வழியில் இருக்கிறாராம்

ஐத்தப்பா தேவகியக்காவுக்குத் தர வேண்டியது நாலாயிரத்து முந்நூற்று ஐம்பது ரூபாய். இரண்டு நாள் மருந்தடிப்புக் கூலி நாலாயிரம். மரம் ஏறும் கயிறு இற்றுவிட்டது என்று சொல்லித் தனியாகக் கேட்டு வாங்கியது முந்நூற்று ஐம்பது. கயிற்றை வாங்கிவிட்டான். நாலாயிரம் கூரை ஓட்டுக்கும் தார்ப்பாய்க்கும் மழைக்கால அரிசிக்கும் போயிற்று. வேலையைத்தான் செய்யவில்லை.

முதலில் அதைக் கடன் என்றே அவன் நினைக்கவில்லை. பாலடுக்கத்தில் மரமேறி எவனும் முன்பணத்தைக் கடன் என்று சொல்ல மாட்டான். ஊர் மொத்தத்துக்கும் பாக்குமரம் ஏறத் தெரிந்தவர்கள் மூன்று பேர். ஒருவனுக்குப் போன வருஷம் இடுப்பு போயிற்று. இன்னொருவன் குடித்தால் மூன்று நாள் எழுந்திருக்க மாட்டான். மிச்சம் ஐத்தப்பா. அவனுக்கும் ஐம்பத்திரண்டு வயது, முழங்கால் இரண்டும் ராத்திரியில் தனியாக முனகும். மழை விழுவதற்குள் பாக்குக் குலைகளில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த மருந்து பட்டாக வேண்டும். படாத குலை ஆட்டி என்கிற ஆடி மாத மழையில் அழுகி, பிஞ்சு பிஞ்சாக உதிர்ந்துவிடும். அதனால் வெயில் ஏறியதுமே அவன் வாசலுக்கு ஆட்கள் வந்து பணத்தை வைத்துவிட்டுப் போவார்கள்.

யாரும் தேதி சொல்வதில்லை. "பத்தனாஜெ மறுநாள் வந்துரு" என்பார்கள். பேஷ மாதம், அதாவது துளுவர்களின் வைகாசி, பத்தாம் நாள் பத்தனாஜெ. அன்றோடு பூதம் ஆடும் கோலமும் யக்ஷகானமும் கல்யாண அலைச்சலும் ஓய்ந்து ஊர் மழைக்காலத்துக்குத் திரும்பும். அதற்கு முன்னால் தோட்டத்தைப் பார்க்க எவனுக்கும் நேரம் கிடையாது. அதற்குப் பின்னால் மழை எவனுக்கும் நேரம் தராது. நடுவில் கிடைப்பது ஏழெட்டு நாள். "மறுநாள்தானே, ஆகட்டும்" என்று சொல்லி வாங்கிக்கொள்வான் ஐத்தப்பா. இந்த வருஷம் மூன்று வீட்டுக்கு ஆகட்டும் சொல்லியிருந்தான். கணபதி பட்டருக்கு ஆயிரத்து நூறு மரம், எட்டு நாள் வேலை. லிங்கப்ப கௌடருக்கு நாலு நாள். தேவகியக்காவுக்கு இருநூற்று எண்பது மரம், இரண்டே நாள். மூன்றுக்கும் ஒரே மறுநாள்.

இல்லை என்ற சொல் அவன் வாயில் வராது. எதிரில் நிற்பவர் முகம் அந்த நேரத்துக்கு மலர்ந்தால் போதும், அப்புறம் வருவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அவன் பெண்டாட்டி வாரிஜா அரிசி புடைத்துக்கொண்டே சொல்வாள்: "ஊருக்கெல்லாம் மறுநாள்னா இருபத்துநாலு மணி நேரம். உங்க மறுநாளுக்கு மட்டும் எழுபத்திரெண்டு போல."

மூன்று பேரில் முழுப் பணத்தையும் முன்னாலேயே கொடுத்தது தேவகியக்கா ஒருத்திதான். அதற்குக் காரணம் இருந்தது. போன வருஷம் பத்தனாஜெ கழிந்து பத்தாம் நாள்தான் அவன் போனான், மூன்றில் ஒரு பங்கு பாக்கு மண்ணுக்குப் போயிற்று. புருஷன் பம்பாய் ஓட்டலில் வேலை பார்த்து அங்கேயே போய்ச் சேர்ந்தபின் அவளுக்கு அந்தத் தோட்டம்தான் சோறு. மங்களூரில் நர்ஸ் படிக்கும் மகளுக்கு ஃபீஸும் அதிலிருந்துதான்.

"முழுசா வச்சுக்கோ. ஆனா முதல் ரெண்டு நாள் எனக்கு" என்றாள். "பட்டரு கூப்பிட்டா நாலு பக்கத்துலேர்ந்தும் ஆள் வருவான். எனக்கு நீ ஒருத்தன்தான்."

"நீங்க சொல்லணுமாக்கா. பொழுது விடியறப்ப உங்க வாசல்ல நிப்பேன்."

சொல்லும்போது மனசாரத்தான் சொன்னான். பத்து வருஷத்துக்கு முன்னால் அங்கன்வாடியில் சாயங்கால வகுப்பு நடந்தபோது அவனுக்குக் கன்னட எழுத்து கற்றுக்கொடுத்தவள் அவள். நாற்பத்திரண்டு வயதில், சிலேட்டில் தன் பேரைத் தானே எழுதிப் பார்த்த அன்று வீட்டுக்கு நடந்து போன மாதிரி அவன் அதற்கு முன்னும் பின்னும் நடந்ததில்லை.

பத்தனாஜெ மறுநாள் காலை ஆறு மணிக்கு பட்டரின் ஜீப் அவன் வாசலில் நின்றது.

"ஏறு மாராயா. பம்பு, ஆளு எல்லாம் ரெடி."

"பட்டரே, இன்னிக்கு தேவகியக்கா வீட்டுக்கு..."

"அங்க ரெண்டு நாள் போனா என் ஆறு ஆளும் தாடியைத் தடவிக்கிட்டு உக்காந்திருக்கணுமா? இன்னிக்கும் நாளைக்கும் மேல் தோட்டத்தை முடி. அப்புறம் போ. அவங்க என்ன, உன்னைத் தின்னுடவா போறாங்க."

ஏறினான். இரண்டு நாள்தானே என்று ஏறினான்.

பட்டரின் மேல் தோட்டம் மலைச்சரிவில் இருக்கிறது. அங்கே ஒரு மரத்தின் தலைக்குப் போனால் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் தேவகியக்காவின் ஓட்டு வீடும் முற்றமும் உள்ளங்கை மாதிரி தெரியும். மரம் விட்டு மரம் இறங்காமலே தாவி, பக்கத்து மரத்தை இழுத்துப் பிடித்து அதில் மாறிக்கொண்டிருந்தான். பத்து மணி இருக்கும். சட்டைப்பையில் போன் அடித்தது.

"ஐத்தப்பா, எங்க இருக்கே?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். பள்ளத்துக்கு அப்பால் முற்றத்தில் அவள் போனைக் காதில் வைத்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. பக்கத்தில் டிரம். இன்னும் கலக்கவில்லை, வெள்ளையாகத் தெரிந்தது, சுண்ணாம்புத் தண்ணீர் மட்டும்.

"வழியில இருக்கேன்க்கா."

"அப்ப துத்தத்தை ஊத்திக் கலக்கட்டுமா? கலக்கிட்டா சாயங்காலத்துக்கு மேல வைக்க முடியாது, தெரியுமில்ல."

"எனக்குத் தெரியாதாக்கா. கலக்குங்க."

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பாள். கலக்குங்க என்ற ஒரு வார்த்தைக்குக் கேள்வி கிடையாது. போனை அணைத்துப் பையில் போட்டான். கீழே பட்டரின் ஆள் "ஓஸ் குழாயை விடுங்கண்ணே" என்று கத்தினான். அவன் மருந்தடித்தான். கண் மட்டும் பள்ளத்தைத் தாண்டிப் போய்ப் போய் வந்தது. டிரம் நீலமாக மாறியதைப் பார்த்தான். வாசல் படலைத் திறந்து அவள் பாதையைப் பார்த்து நின்றதைப் பார்த்தான். பன்னிரண்டு மணிக்கும் நின்றாள். மூன்று மணிக்கு ஒரு முக்காலியைக் கொண்டுவந்து போட்டு உட்கார்ந்தாள். ஐந்து மணிக்கு டிரம்மைத் தனியாகச் சாய்த்து வாழைக் குழியில் ஊற்றினாள். நீலத் தண்ணீர் முற்றத்தில் ஓடியது மரத்தின் மேலிருந்தும் தெரிந்தது. அன்று அவன் அடித்த மருந்தெல்லாம் குலையில் பட்டதா இலையில் பட்டதா என்று அவனுக்கே தெரியாது.

இரண்டு நாள் நாலாயிற்று, நாலு ஏழாயிற்று. ஒவ்வொரு சாயங்காலமும் பட்டர் "நாளைக்கு ஒரு நாள்" என்பார், இவனும் ஆகட்டும் என்பான். தேவகியக்காவிடமிருந்து போன் வந்தால் எடுப்பதில்லை. நாலாம் நாளுக்கு மேல் வரவும் இல்லை. ஏழாம் நாள், மே முப்பத்தொன்று, மத்தியானம் மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது. முதல் மழையே விடாமல் மூன்று நாள் கொட்டியது. பட்டருக்கு எட்டாம் நாள் மரங்களும், கௌடருக்கு முழுத் தோட்டமும் மிஞ்சிப்போயின. கௌடர் பக்கத்து ஊரிலிருந்து ஆள் கொண்டுவந்து, மழை விட்ட இடைவெளியில் ஒப்பேற்றிக்கொண்டார். ஐத்தப்பாவுக்குக் கொடுத்த ஐந்நூறைத் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டு, நாலு பேர் முன்னால் திட்டியும் தீர்த்தார். அது அவனுக்கு அவ்வளவாக உறைக்கவில்லை. திட்டினால் கணக்கு நேராகிவிடுகிறது. தேவகியக்கா திட்டவே இல்லை.

அதனால் அவள் வீட்டு வழியை விட்டுவிட்டான். கடைக்குப் போக அவள் வேலியோரம் நடந்தால் கால்மணி நேரம். ரப்பர் தோட்டத்தைச் சுற்றி, இரண்டு ஓடை தாண்டி, அட்டைக் கடி வாங்கிக்கொண்டு போனால் முக்கால் மணி. முக்கால் மணி நடந்தான். ஒருநாள் ஓடையில் தண்ணீர் இடுப்பு மட்டும் போகிறதே என்று வேலியோரமாக வந்தான். மழை விட்டிருந்தது. உள்ளே தோட்டத்தில் டொப், டொப் என்று பச்சைப் பிஞ்சு விழுகிற சத்தம். ஒன்று விழுந்து அடுத்தது விழுவதற்குள் பத்து எண்ண முடியவில்லை. குடையை முகத்துக்கு இறக்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனான்.

ரேஷன் கடை வரிசையில் சந்திராவதி நின்றுகொண்டிருந்தாள். தேவகியக்காவின் பக்கத்து வீட்டுக்காரி, வாயை அடக்கத் தெரியாதவள்.

"ஐத்தப்பண்ணே, இன்னும் வழியிலதான் இருக்கீங்களா?"

வரிசை முழுக்கச் சிரித்தது. கடைக்காரன் கூடத் தராசை நிறுத்திவிட்டுச் சிரித்தான். ஐத்தப்பாவும் சிரிக்கப் பார்த்தான். பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, அரிசி வாங்காமலே திரும்பிவிட்டான்.

"அரிசி எங்கே?" என்றாள் வாரிஜா.

"கூட்டமா இருந்துது."

"எனக்கும் சொன்னாங்க, என்ன கூட்டம்னு." அவள் அடுப்பில் ஈர விறகை ஊதிக்கொண்டிருந்தாள். அந்த விறகும் அவன் மழைக்கு முன் மூடிவைக்கிறேன் என்று சொல்லி மூடாமல் விட்டதுதான். "ரெண்டு மாசமா சந்தைக்குப் போக எனக்கு முகம் இல்ல. உங்களுக்கு ரப்பர் தோட்டம் இருக்கு, சுத்திப் போறீங்க. நான் எதைச் சுத்திப் போக?"

ஆட்டி மாதத்தில் ஒருநாள் பொழுது விடிந்தபோது வெயில் இருந்தது. மூன்று நாலு நாள் இப்படி ஒரு இடைவெளி விழுவதுண்டு, இரண்டாம் மருந்தை அப்போதுதான் அடிப்பார்கள். பட்டர் கூப்பிடுவதற்குள் கிளம்பிவிட வேண்டும் என்று ஐத்தப்பா கஞ்சிகூடக் குடிக்காமல் புதுக் கயிற்றையும் காலில் மாட்டும் தளைநாரையும் தோளில் போட்டுக்கொண்டு தேவகியக்கா வீட்டுக்கு நடந்தான். அவள் கயிறு அது. இரண்டு மாதத்தில் ஒருநாள்கூட அவள் மரத்தைத் தொடாத கயிறு.

தோட்டத்தில் பம்பு ஓடுகிற சத்தம் கேட்டது. உள்ளே போனான். தேவகியக்கா சேலையைத் தூக்கிச் செருகி, தலையில் துண்டு கட்டி, மரத்தடியில் நின்றிருந்தாள். கையில் ஒரு கறுப்புத் துரட்டி. இழுக்க இழுக்க நீளுகிற சாதி, நுனி பாக்குக் குலைக்குப் பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்தது. நுனியிலிருந்து மருந்து புகையாகச் சிதறியது. பம்பருகே சந்திராவதி.

"வந்துட்டாரு" என்றாள் சந்திராவதி, பம்பை அணைத்துவிட்டு. "வழி முடிஞ்சு போச்சு போல."

"நீ சும்மா இரு" என்றாள் தேவகியக்கா. துரட்டியை மரத்தில் சாய்த்தாள். தோள் வலிக்கிற மாதிரி ஒரு கையால் மறு கையைப் பிடித்துக்கொண்டாள். "என்ன ஐத்தப்பா."

"ரெண்டு நாள் வேலை பாக்கி இருக்குக்கா. ஏறிடறேன்."

"மரத்துக்கு ஒரு குலை, ஒன்றரைக் குலைதான் மிச்சம். அதுக்கு நீ ஏற வேண்டாம். மகளிர் சங்கத்துல துரட்டி வாடகைக்கு வந்திருக்கு. நானே அடிச்சுக்கறேன்."

"அப்ப பணம்..."

"இருக்கா?"

அவன் தோள் கயிற்றைக் கீழே இறக்கி வைத்தான்.

"இல்லைன்னு தெரியும். உள்ள போய் அலமாரிக் கீழ்த்தட்டுல சுண்ணாம்பு மூட்டை இருக்கும். எடுத்துட்டு வா. துத்தம் கூடிப்போச்சு போல, எனக்குக் கண்ணு எரியுது."

சமையலறை இருட்டாக, புகை வாசமாக இருந்தது. மூட்டையைத் தூக்கினான். தட்டில் சுண்ணாம்பு படாமலிருக்கப் பழைய காலண்டர் தாளை விரித்திருந்தாள். மே மாதத் தாள். கடைசி வரிசைகளில் பேனா எழுத்து. படிக்க வேண்டும் என்று அவன் நினைக்கவில்லை. எழுத்து தெரிந்தவன் கண்ணில் எழுத்து பட்டால் அது தானாகப் படித்துவிடுகிறது.

இருபத்தைந்தாம் தேதியைச் சுற்றிச் சிவப்பு வட்டம். உள்ளே பொடி எழுத்தில்: ஐத்தப்பா, மருந்து. அதற்குக் கீழே வேறு மையில்: வழியில் இருக்கிறாராம். இருபத்தாறில்: வரவில்லை. இருபத்தேழில்: வரவில்லை. இருபத்தெட்டில்: போன் எடுக்கவில்லை. அடுத்த இரண்டு கட்டத்திலும் வரவில்லை, வரவில்லை. முப்பத்தொன்றில் ஒரே ஒரு சொல்: மழை.

'ஐ' எழுதும்போது வாலை அவள் கொஞ்சம் நீட்டி எழுதுவாள். சிலேட்டில் அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததும் அந்த நீண்ட வால்தான். அவனும் இன்றுவரை அப்படித்தான் எழுதுகிறான். மூட்டையைப் பிடித்துக்கொண்டு அப்படியே குனிந்து நின்றான். யாரும் பார்க்கட்டும் என்று சுவரில் மாட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அவள் யாருக்கும் காட்டவில்லை. காத்திருந்ததை எழுதினாள், மாதம் முடிந்ததும் கிழித்துச் சுண்ணாம்புக்குக் கீழே போட்டுவிட்டாள்.

வெளியே வந்தபோது அவன் முகத்தைப் பார்த்த சந்திராவதி பம்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

டிரம்முக்குள் கத்தியை முக்கி எடுத்தான். அலகு செம்பு படிந்து சிவந்து வந்தது, துத்தம் கூடுதல். சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றி, கலக்கி, மறுபடி முக்கினான். இப்போது கத்தி வெளுப்பாகவே வந்தது.

"அக்கா," என்றான், டிரம்மைப் பார்த்துக்கொண்டே. "அன்னிக்கு நான் வழியில இல்ல. பட்டரு மரத்து மேல இருந்தேன். நீங்க டிரம்மைச் சாய்ச்சது வரைக்கும் பார்த்துக்கிட்டிருந்தேன்."

தேவகியக்கா துரட்டியைத் திரும்ப எடுத்தாள்.

"கீழ் வேலைக்கு நாள் கூலி அறுநூறு" என்றாள். "ஓஸ் பிடிக்கணும், மருந்து கலக்கணும். மருந்து முடிஞ்சா வாய்க்கால் வெட்டணும், விழுந்ததைக் கூட்டணும். மரமேறிக்கு ரெண்டாயிரம், இதுக்கு அறுநூறுதான். ஏழு நாளும் கால் நாளும் ஆகும். முடியுமா?"

"முடியும்க்கா."

"முடியும்னு நீ எப்பவும் சொல்லுவே."

அவன் ஓஸைக் கையில் எடுத்துக்கொண்டான்.

நாற்பது அடி உயரத்திலிருந்து ஊரைப் பார்த்தவன் மரத்தடியில் ஓஸைச் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே நடந்தான். அவள் மேலே பார்த்து அடித்தாள், மருந்துத் தூறல் அவன் தலையில் விழுந்தது. பாதையில் போன கௌடர் வேலியருகே நின்றார்.

"என்ன மாராயா, மரம் கீழ எறங்கி வந்துடுச்சா?"

"நான்தான் எறங்கினேன் கௌடரே" என்றான் ஐத்தப்பா.

இரண்டாம் நாள் பதினொரு மணிக்குப் போன் அடித்தது. பட்டர். ஓஸ் ஒரு கையில், போன் ஒரு கையில். பம்பை அணைக்கச் சொல்லி சந்திராவதிக்குச் சைகை காட்டினான். தோட்டம் சட்டென்று அமைதியானது. தேவகியக்கா நாலடி தள்ளி நின்றாள், துரட்டி அசையவில்லை.

"ஐத்தப்பா, வெயில் காயுது, நீ எங்க போய்த் தொலைஞ்சே? ஜீப் உன் வாசல்ல நிக்குது. ரெண்டாயிரத்து ஐந்நூறு தர்றேன். எங்க இருக்கே?"

வழியில இருக்கேன் என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பழக்கம் அப்படி. இரண்டாயிரத்து ஐந்நூறு வீதம் இரண்டு நாள் என்றால் அக்காவின் பணத்தை ஒரே கையில் கொண்டுவந்து வைத்துவிடலாம் என்றும் மனசு கணக்குப் போட்டது. பணத்தை வைத்துவிடலாம். ஆனால் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தவளுக்கு அதில் ஒரு நாள்கூடத் திரும்ப வராது.

"தேவகியக்கா தோட்டத்துல இருக்கேன் பட்டரே. இன்னும் ஆறு நாள் இங்கதான். வர முடியாது."

"முடியாதா?"

"முடியாது."

மூன்று முறை அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டியிருந்தது. மூன்றாவது முறை பட்டர், இனி என் தோட்டத்து வரப்பை மிதிக்காதே என்று சொல்லி வைத்துவிட்டார். ஐத்தப்பா போனைப் பையில் போட்டான். தேவகியக்கா "பம்பைப் போடு" என்றாள் சந்திராவதியிடம்.

அன்று மாலை அவன் சொன்னதைக் கேட்டு வாரிஜா ஈயப் பாத்திரத்தை ஓசையுடன் வைத்தாள். "அறுநூறுக்கு ஏழு நாள். பட்டரு வீடும் போச்சு. நல்லாத்தான் இருக்கு." கொஞ்ச நேரம் கழித்து, "நாளைக்குச் சந்தைக்கு தேவகியக்கா வீட்டு வழியாத்தான் போறேன்" என்றாள். மறுநாள் கஞ்சித் தூக்கில் கருவாட்டுத் துண்டு ஒன்று கூடுதலாக இருந்தது.

நாலாம் நாள் மருந்து முடிந்தது, மழையும் திரும்பியது. பிளாஸ்டிக் தாளைத் தலைக்குப் போட்டுக்கொண்டு வாய்க்கால் வெட்டினான். அழுகிய பிஞ்சைக் கூட்டி அள்ளும்போது ஒவ்வொரு கூடையும் ஒரு வார்த்தை பேசுகிற மாதிரி இருந்தது. எண்ணவேண்டாம் என்றுதான் இருந்தான். அறுபத்து மூன்று கூடை.

எட்டாம் நாள் காலை ஏழரைக்கு அவன் வந்து நின்றபோது தேவகியக்கா குடையோடு பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். மகளின் ஃபீஸுக்குத் தவணை கேட்கப் போகிறாள் என்று சந்திராவதி முன்னாலேயே சொல்லியிருந்தாள்.

"நூத்தம்பதுதானே மிச்சம். விட்டுரு மாராயா."

"இல்லக்கா. கால் நாள் இருக்கு. நீங்க போய்ட்டு வாங்க, நான் முடிச்சுட்டுப் போறேன்."

அவள் அவனை ஒரு தரம் பார்த்தாள். பிறகு குடையை மடக்கிச் சுவரில் சாய்த்துவிட்டு, "ஒன்பதரை பஸ்ஸுல போறேன்" என்றாள்.

ஒன்பதரைக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது காலிச் சாக்கை எடுத்து அலமாரித் தட்டைத் துடைக்கச் சொன்னாள். சுண்ணாம்பு முழுவதும் தீர்ந்திருந்தது. சாக்கை எடுத்தான். தாள் கீழே அப்படியே கிடந்தது, ஓரமெல்லாம் வெள்ளை படிந்து.

"தீர்ந்ததாக்கா?"

"தீர்ந்தது. இனி உனக்கும் எனக்கும் பணப் பாக்கி இல்ல."

"இந்தத் தாளைக் கிழிச்சுப் போட்டுடவா?"

தேவகியக்கா செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள், திரும்பிப் பார்க்கவில்லை. "எதுக்கு? அடுத்த வருஷச் சுண்ணாம்பும் அது மேலதான் வைக்கணும். வெறும் பலகைன்னா அரிச்சிடும்."

அவன் ஈரத் துணியால் தாளின் ஓரத்தைத் துடைத்தான். மடங்கியிருந்த மூலையை விரலால் நீவி, எழுத்து மேலே இருக்கும்படி தட்டில் திரும்ப விரித்து வைத்தான்.